சுடப்பட்டவனும் விடப்பட்டவர்களும்: நிக்லவுஸ் மையன்பெர்க் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் சுவிஸில் சங்க்ட் காலன் நகரத்தில் குடும்பத்தோடு இருக்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். உங்கள் எழுத்தை நெடுநாளாக வாசித்து வந்தாலும் எழுதுவது இதுதான் முதல் தடவை.

சில மாதங்களுக்கு முன் பத்திரிகையாளர்களைப் பற்றிய ஒரு கட்டுரையில் நிக்லவுஸ் மையன்பெர்க்கை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். ‘சொந்த நாட்டிடமே கணக்குக் கேட்டவர்’ என்பது அந்த வரி. அவர் எங்கள் ஊர்க்காரர் என்பதால் மகளிடம் சொன்னேன். அவள் மத்துரா என்ற பள்ளி இறுதித் தேர்வுக்கு எழுத வேண்டிய ஆய்வுக்கு இப்போது அவரையே எடுத்திருக்கிறாள்.

இதை என்னோடு வேலை செய்கிற ஒரு சுவிஸ் நண்பரிடம் கதைத்தேன். நல்ல மனிதர், எனக்கு எவ்வளவோ உதவியவர். பெயரைக் கேட்டதும் அவருக்கு முகமே மாறிவிட்டது. “அந்த ஆள் பத்திரிகையாளனே இல்லை, சண்டைக்காரன். ஹிட்லருக்கு ராணுவ ரகசியம் விற்றவனுக்காகக் கண்ணீர் விட்டவன். ஒரு குடும்பத்தின் கடிதங்களைக் கள்ளத்தனமாகப் படமெடுத்துப் புத்தகம் போட்டவன். என் அப்பா போர்க்காலம் முழுக்க எல்லையில் நின்றார், அப்படிப்பட்டவர்களை எல்லாம் கேவலப்படுத்தினான். கடைசியில் அவனும் அழிந்தான்” என்றார். எனக்கு என்ன சொல்வதென்று விளங்கவில்லை. பத்திரிகையாளர் என்றால் இரண்டு பக்கமும் நியாயமாக நிற்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். எங்களுக்கு வாழ்வு தந்த நாடு இது, அதைப் பழித்தவரைப் பற்றி மகள் எழுதுவது சரியா என்றும் ஒரு குழப்பம். இவ்வளவும் பழைய கதை, இதைக் கிளறி என்ன பயன் என்று மனைவி கேட்கிறார். உங்கள் கருத்தை விரிவாக எழுத முடியுமா?

அன்புடன்,
ச.

*

அன்புள்ள ச.,

அந்தக் கட்டுரையில் அவரைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுத இடமிருக்கவில்லை. நீங்கள் கேட்டதால் இப்போது எழுதுகிறேன்.

உங்கள் நண்பரின் கோபத்தை நான் மதிக்கிறேன். 1939இலிருந்து 1945 வரை சுவிஸ் ஆண்கள் வேலையையும் வயலையும் விட்டுவிட்டு மாதக்கணக்காக எல்லையில் நின்றார்கள். நான்கு பக்கமும் ஹிட்லரும் முசோலினியும் சூழ்ந்திருந்த காலம். பிழைத்துவிட்டோம், நாங்கள்தான் காத்தோம் என்ற நினைப்பிலேயே அந்தத் தலைமுறை மீதி வாழ்க்கையைக் கழித்தது. அதைத் தொட்டால் யாருக்கும் வலிக்கும். ஆனால் மையன்பெர்க் கேவலப்படுத்தியது எல்லையில் நின்ற சிப்பாயை என்று அவர் நம்புவதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அவர் எழுதியதே அந்தச் சிப்பாய்களின் பக்கம் இருந்துதான்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். 1940 மே மாதம் உங்கள் ஊரில் பிறந்தார். கத்தோலிக்கக் குடும்பம். டிசென்டிஸ் என்ற மலையூரில் பெனடிக்ட் சபைத் துறவிகள் நடத்திய பள்ளியில் படித்தார். அவருடைய வாக்கியங்களில் விவிலியத்தின் நடையும் லத்தீனின் கட்டும் கடைசிவரை இருந்தன. பிறகு வரலாறு படித்தார், ஃப்ரீபூரிலும் சூரிச்சிலும் பாரிஸிலும். 1966 முதல் வெல்ட்வோகே வார இதழுக்குப் பாரிஸ் நிருபர். 1968 மே மாதத்தில் மாணவர்கள் தெருவில் இறங்கியபோது அவர் அங்கே இருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் டாகெஸ் அன்சைகர் நாளிதழுக்கும் அதன் வார இணைப்புக்கும் நீண்ட நேரடிக் கட்டுரைகள் எழுதத் தொடங்கினார். 1974இல் அவை ‘சுவிட்சர்லாந்திலிருந்து நேரடிக் கட்டுரைகள்’ என்ற பொருளுள்ள தலைப்பில் புத்தகமாக வந்தபோது ஜெர்மன் மொழி பேசும் சுவிஸில் பத்திரிகை எழுத்தின் போக்கே மாறியது. இன்றும் அங்கே இளம் நிருபர்கள் அந்தப் புத்தகத்தைத் தேடிப் படிக்கிறார்கள்.

அதில் ஒன்று 1971இல் பந்தயத்தில் இறந்துபோன கார் ஓட்டுநர் ஜோ சிஃபர்ட் பற்றியது. ஃப்ரீபூரின் ஏழைப் பகுதியில் பிறந்த பையன், உலகப் புகழ் பெற்று 35 வயதில் காருக்குள்ளேயே செத்துப்போனான். வேறு யாராக இருந்தாலும் வீரனின் கதையாக எழுதியிருப்பார்கள். மையன்பெர்க் போய் அவன் பிறந்த தெருவைப் பார்த்தார், அப்பாவிடமும் அம்மாவிடமும் பேசினார், அந்த ஊரில் ஏழை வீட்டுப் பையனுக்கு மேலே போக என்னென்ன வழிகள் திறந்திருந்தன என்று பார்த்தார். படித்து முடிக்கும்போது கார் பந்தயம் மறந்து ஒரு நகரத்தின் மேடும் பள்ளமும் தெரியும். அவர் பாணியின் வித்து அதுதான்.

இப்போது உங்கள் நண்பர் சொன்ன ‘ரகசியம் விற்றவன்’ விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

எர்ன்ஸ்ட் எஸ். என்று மையன்பெர்க் எழுதிய அந்த இளைஞனின் முழுப் பெயர் எர்ன்ஸ்ட் ஷ்ரெம்லி. 1919இல் பிறந்தவன், சங்க்ட் காலன்காரன், சிட்டர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வறுமையில் வளர்ந்தவன். தாய் சீக்கிரம் போய்விட்டாள். எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. பாட்டுப் பயிற்சி எடுத்து மேடையேற வேண்டும் என்பது அவன் ஆசை. ராணுவச் சேவையின்போது உங்கள் ஊரில் இருந்த ஜெர்மன் துணைத் தூதரகத்தோடு தொடர்புள்ள ஓர் ஆள் அவனைப் பிடித்துக்கொண்டான். ஷ்ரெம்லி அந்த ஆளிடம் சில பீரங்கிக் குண்டுகளையும் ராணுவ நிலைகளின் கைவரைபடங்களையும் கொடுத்தான். கைக்கு வந்தது சில நூறு ஃபிராங்க். பிடிபட்டான். ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, கருணை மனுவை நாடாளுமன்றம் தள்ளியது, 1942 நவம்பர் 10ஆம் தேதி இரவு யோன்ஷ்வில் அருகே ஒரு காட்டில் நிறுத்திச் சுட்டார்கள். வயது 23. அந்தப் போரில் தேசத்துரோகத்துக்காக 33 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு 17 பேருக்கு நிறைவேற்றப்பட்டது. அந்த வரிசையின் தொடக்கத்தில் நிற்பவன் அவன். அதே 1942இன் ஜனவரியில்தான் புதிய தண்டனைச் சட்டம் வந்து, சாதாரணக் குற்றங்களுக்கு நாடு முழுவதும் மரண தண்டனை ஒழிந்தது. ராணுவச் சட்டத்தில் அது 1992 வரை இருந்தது.

மையன்பெர்க் எங்கேயும் இவனை நிரபராதி என்று எழுதவில்லை. குண்டுகளைக் கொடுத்தான், பணம் வாங்கினான் என்பதை அவர் மறைக்கவும் இல்லை. அவர் செய்தது வேறு. சங்க்ட் காலனுக்குப் போய் அவன் சகோதரர்களைத் தேடிப் பிடித்தார். அவனோடு ராணுவத்தில் இருந்தவர்களைச் சந்தித்தார். முப்பது வருடங்களாக யாரும் வந்து ஒரு வார்த்தை கேட்காத மனிதர்கள் அவர்கள். ஒரு சகோதரன் சுடப்பட்ட குடும்பம் சின்ன ஊரில் எப்படி வாழ்ந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் பேசியதை அவர்கள் பேச்சிலேயே எழுதினார். ராணுவ நீதிமன்றக் கோப்புகள் அன்று பூட்டிக் கிடந்தன. கோப்பு கிடைக்காதவன் மனிதர்களிடம்தான் போக வேண்டும். அவர் போனார்.

அப்புறம் அந்தக் கதைக்குப் பக்கத்தில் இன்னொரு கதையை வைத்தார், அதுதான் நாட்டைக் கொந்தளிக்க வைத்தது. 1940 நவம்பரில், பிரான்ஸ் விழுந்து ஐந்து மாதம் ஆன நிலையில், சுவிஸின் 173 பெரிய மனிதர்கள் அரசுக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். ‘இருநூற்றுவர் விண்ணப்பம்’ என்று அதற்குப் பெயர். ஜெர்மனியை விமர்சிக்கும் பத்திரிகைகளை அடக்க வேண்டும், முக்கியமான சில பத்திரிகைகளின் ஆசிரியர்களை நீக்க வேண்டும் என்று கேட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் தொழிலதிபர்கள், உயர் ராணுவ அதிகாரிகள், பேராசிரியர்கள் உண்டு. போர் முடிந்து 1946இல்தான் பெயர்கள் வெளியே வந்தன. சிலருக்குக் கொஞ்சம் அவமானம், அவ்வளவுதான், யாரும் சுவரோரம் நிறுத்தப்படவில்லை. சூரிச்சின் ஓர்லிகோனில் எமில் ப்யூர்லேயின் தொழிற்சாலை ஹிட்லரின் ராணுவத்துக்குப் பீரங்கிகளை விற்றது. திருட்டுத்தனமாக இல்லை, அரசின் அனுமதியோடு. ஜெர்மனி இப்படி வாங்கிய பொருட்களுக்காக சுவிஸ் அரசே கடனும் கொடுத்தது, போரின் முடிவில் அது ஒரு பில்லியன் ஃபிராங்கைத் தாண்டியிருந்தது. ப்யூர்லே நாட்டின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவராக ஆனார். அவர் சேர்த்த ஓவியங்கள் 2021 முதல் சூரிச் கலைக்கூடத்தின் புதிய கட்டடத்தில் தொங்குகின்றன, அவற்றைப் பற்றிய சண்டை இன்றும் ஓயவில்லை.

சில குண்டுகளைக் கொடுத்த ஏழையைச் சுட்டோம், பீரங்கிகளை அனுப்பியவருக்கு அனுமதி கொடுத்தோம், வாங்கிய ஜெர்மனிக்குக் கடனும் கொடுத்தோம், இது எந்தக் கணக்கு? மையன்பெர்க்கின் கேள்வி இவ்வளவுதான். இதற்கு இன்றுவரை யாரும் நேராகப் பதில் சொல்லி நான் படித்ததில்லை. ‘போர்க்காலம், வேறு வழியில்லை’ என்பார்கள். பீரங்கி விஷயத்தில் அதை நான் ஓரளவு ஏற்பேன், நிலக்கரி இல்லாத நாடு, ஜெர்மனி வாயிலை மூடினால் குளிரில் விறைத்திருக்கும். அப்படியானால் அந்த இரக்கத்தில் கொஞ்சம் அந்தப் பையனுக்கும் கிடைத்திருக்க வேண்டாமா?

எதிர்வாதத்தில் வலுவானது ஒன்று உண்டு, அதையும் உங்கள் மகள் எழுத வேண்டும். சுடப்பட்ட 17 பேரில் அதிகாரிகளும் சிலர் இருந்தார்கள், ஆகவே இது வெறும் ஏழை, பணக்காரன் கணக்கு இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் சில வருடம் கழித்து சூரிச் சட்டப் பேராசிரியர் பேட்டர் நோல் அந்தக் கோப்புகளைப் பார்க்க அனுமதி பெற்று, 17 பேரின் வாழ்க்கையையும் தீர்ப்புகளையும் 1980இல் புத்தகமாக வெளியிட்டார். சண்டைக்காரர் என்று யாரும் சொல்ல முடியாத சட்ட அறிஞர் அவர். அதைப் படித்தால் மையன்பெர்க் கோப்பே இல்லாமல் எழுதியதன் உள்ளடக்கம் பெரும்பாலும் நிற்பது தெரியும். வழிதவறிய இளைஞர்கள், உடைந்த குடும்பங்கள், கீழ்நிலைச் சிப்பாய்கள்தான் அதிகம்.

1976இல் இயக்குநர் ரிச்சர்ட் டிண்டோவோடு சேர்ந்து இதையே ஆவணப்படமாக எடுத்தார். அந்தப் படத்துக்குத் தர வேண்டிய ஊக்கத்தொகையை அரசு மறுத்தது, அதுவே பெரிய விவகாரமாகி, மறுத்ததால்தான் பலரும் படத்தைப் போய்ப் பார்த்தார்கள்.

அதே ஆண்டு இன்னொரு அடி விழுந்தது. லீக்டன்ஸ்டைன் இளவரசர் இரண்டாம் ஃபிரான்ஸ் யோசெஃபின் எழுபதாவது பிறந்தநாளுக்கு மையன்பெர்க் எழுதிய கேலிக் கட்டுரைக்குப் பிறகு, டாகெஸ் அன்சைகரின் உரிமையாளர் ஓட்டோ கொனிங்ஸ், அவர் எழுத்து இனி இந்தப் பத்திரிகையில் வரக் கூடாது என்று தடை போட்டார். ஆசிரியர் குழு எதிர்த்தது, பயனில்லை. நாட்டில் மிக அதிகம் படிக்கப்பட்ட நாளிதழ்களில் ஒன்று அது, அதன் மிகச் சிறந்த எழுத்தாளர் அதில் எழுத முடியாது. சுவிஸில் தணிக்கை அதிகாரி கிடையாது, சிறை கிடையாது. ஒரு முதலாளியின் ஒரு சொல் போதும். சின்ன நாட்டில் பெரிய பத்திரிகைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, ஒன்று மூடினால் மற்றதும் தயங்கும். 1982இல் ஜெர்மனியின் ஸ்டெர்ன் இதழுக்குப் பாரிஸ் பொறுப்பாளராகப் போனார், அங்கும் நீடிக்கவில்லை. 1981இல் இளம் இடதுசாரிகள் கூடித் தொடங்கிய வோகன்சைட்டுங் வார இதழ்தான் பிறகு அவருக்கு வீடு மாதிரி இருந்தது.

சரி, இரண்டு பக்கமும் நியாயமாக நிற்பது பற்றி. நீங்கள் சொல்வது நல்ல விதி. ஆனால் இரண்டு பக்கமும் ஏற்கெனவே சமமாகப் பேசிக்கொண்டிருந்தால்தான் அந்த விதி வேலை செய்யும். ஷ்ரெம்லி விஷயத்தில் நீதிமன்றம் பேசியிருந்தது, நாடாளுமன்றம் பேசியிருந்தது, பத்திரிகைகளும் பாடப்புத்தகங்களும் பேசியிருந்தன. சகோதரர்கள் மட்டும் பேசியிருக்கவில்லை. முப்பது வருடம் ஒரே பக்கம் பேசிய பிறகு மறுபக்கத்தைக் கொண்டுவந்து வைத்தவரை ஒருபக்கச் சார்பு என்று சொன்னால் அது நியாயமா? அவர் தன் சார்பை ஒளித்ததும் இல்லை. எந்த இடத்தில் நின்று எழுதுகிறேன் என்று முதல் பக்கத்திலேயே தெரியும்படி எழுதுவார். நடுநிலை வேடத்தில் எழுதி, உள்ளே முதலாளியின் விருப்பத்தைச் செருகுவதைவிட அது நேர்மையானது என்று நான் முழு மனதோடு நம்புகிறேன்.

உங்கள் நண்பருக்கு மொரிஸ் பாவோ பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் இது ஹிட்லருக்கு உதவியவனின் கதை இல்லை, ஹிட்லரைக் கொல்லப் போன சுவிஸ்காரனின் கதை. நெஷாடெல் ஊர், இறையியல் மாணவன், 22 வயது. 1938 நவம்பர் 9ஆம் தேதி மியூனிக்கில் நாஜிகளின் ஊர்வலத்தில், பார்வையாளர் மேடையில் பையில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தான். ஹிட்லர் அருகே வந்தபோது முன்னால் இருந்தவர்கள் வணக்கம் சொல்லக் கைகளைத் தூக்கிவிட்டார்கள், சுட முடியவில்லை. சில நாளில் காசு தீர்ந்து, டிக்கெட் இல்லாமல் ரயிலில் போனபோது ஆக்ஸ்பர்க்கில் பிடிபட்டான். 1939 டிசம்பரில் மரண தண்டனை. 1941 மே 14 அன்று பெர்லின் ப்ளோட்சன்சே சிறையில் தலை வெட்டப்பட்டது. அந்த இரண்டரை வருடத்தில் பெர்லினில் இருந்த சுவிஸ் தூதர் ஹான்ஸ் ஃப்ரோலிஷர் அவனைக் காப்பாற்ற ஒன்றும் செய்யவில்லை. போருக்குப் பிறகு, 1955இல், பெர்லின் நீதிமன்றம் மரண தண்டனையை ரத்து செய்துவிட்டு, செத்துப்போனவனுக்கு ஐந்து வருடச் சிறை விதித்தது, ஹிட்லரின் உயிருக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று காரணம் சொல்லி. மறு வருடம்தான் அதுவும் நீங்கியது.

மையன்பெர்க்கும் இரண்டு இயக்குநர்களும் பாவோ போன வழியில் ஜெர்மனி முழுக்கப் பயணம் செய்து 1980இல் ஒரு படம் எடுத்தார்கள், புத்தகமும் வந்தது. அதே சமயம் க்ளவுஸ் ஊர்னர் என்ற வரலாற்றாசிரியர் வேறு ஒரு புத்தகம் எழுதி, பாவோ தன் நண்பன் ஒருவனின் விசித்திரமான கற்பனைக்கு ஆட்பட்டவன் என்று வாதிட்டார். மையன்பெர்க்குக்கு அது அடியோடு பிடிக்கவில்லை. எது சரி என்று சான்றுகளை வைத்து உங்கள் மகளே முடிவு செய்யட்டும், இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கக் கிடைப்பது ஒரு மாணவிக்குப் பெரிய வாய்ப்பு. 2008 நவம்பரில், சரியாக 70 வருடம் கழித்து, கூட்டாட்சித் தலைவராக இருந்த பாஸ்கல் கூஷ்பேன், பாவோவுக்காகச் சுவிஸ் அதிகாரிகள் போதிய முயற்சி எடுக்கவில்லை என்று பொதுவில் ஒப்புக்கொண்டார். அதைக் கேட்க மையன்பெர்க் இல்லை.

இனி அந்தக் கடிதங்கள். உல்ரிச் வில்லே முதல் உலகப் போரில் சுவிஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதி. மனைவி பிஸ்மார்க் வம்சத்தைச் சேர்ந்தவர். 1915 ஜூலையில், ஜெர்மனியின் பக்கம் சேர்ந்து போரில் இறங்க இது நல்ல நேரம் என்று அமைச்சர் ஒருவருக்கு எழுதியவர், நடுநிலை நாட்டின் படைத்தலைவர். போர்க் காலத்தில் மனைவிக்கு அவர் தொடர்ந்து எழுதிய கடிதங்கள் குடும்பத்தின் பூட்டுக்குள் இருந்தன. மைலன் ஊர் அருங்காட்சியகத்தில் அவற்றின் பிரதிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பது மையன்பெர்க்குக்குத் தெரியவந்தது. ஒரு புகைப்படக்காரரோடு போய்ப் படமெடுத்தார். 1987இல் அந்தக் குலத்தைப் பற்றிய புத்தகம் வெளிவந்தது. தளபதியின் மகன் வீட்டில்தான் 1923 ஆகஸ்டில் ஹிட்லர் வந்து பணம் திரட்டப் பேசினான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இது யாரோ ஒரு தனிக் குடும்பத்தின் சமாச்சாரம் இல்லை.

கள்ளத்தனமா என்றால், குடும்பத்தின் அனுமதி கேட்கவில்லை, அதுவரை உங்கள் நண்பர் சொல்வது சரி. ஆனால் ஒரு நாட்டின் படைத்தலைவர் போர்க்காலத்தில் என்ன நினைத்தார் என்பது எப்படி ஒரு குடும்பத்தின் சொத்தாகும்? அந்தக் கடிதங்களில் தளபதி தொழிலாளர்களை, சோஷலிஸ்டுகளை, சொந்த அரசை என்ன பார்வையில் பார்த்தார் என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. 1918 நவம்பர் பொது வேலைநிறுத்தத்தின்போது சூரிச் தெருவில் ராணுவத்தை இறக்க அவர் ஏன் அவ்வளவு துடித்தார் என்று புரிந்துகொள்ள அந்தக் கடிதங்கள் வேண்டும். பூட்டி வைத்தவர்களைக் கேட்காமல் திறந்தவரை மட்டும் ஏன் கேட்கிறோம்?

ஆனால் இதே புத்தகத்தில்தான் எனக்கு அவரோடு மனத்தாங்கலும் உண்டு. ஒரு குலத்தைக் கேலி செய்யும் வேகத்தில், அதில் பிறந்ததைத் தவிர வேறு எதுவும் செய்யாதவர்கள் மீதும் சேறு தெறிக்கிறது. தளபதியின் பேத்தி ஆன்மேரி ஷ்வார்சன்பாக் நாஜிகளை வெறுத்த எழுத்தாளர், குடும்பத்தோடு மோதி 34 வயதில் செத்துப்போனவர், அந்த வம்சத்துக்குள்ளேயே அப்படியும் ஒருத்தி இருந்தாள். மையன்பெர்க்குக்குக் கோபம் வந்தால் இந்த வேறுபாடுகள் கண்ணில் படாது. எதிரிகளோடு மட்டும் அப்படி இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. எழுத்தாளர் ஓட்டோ எஃப். வால்ட்டர் அவரைப் போலவே அதிகாரத்தை எதிர்த்தவர், சக பயணி. அவருடைய நாவலைத் தாக்கி 1983இல் தொடங்கிய விவாதம் மாதக்கணக்காக வோகன்சைட்டுங் பக்கங்களில் ஓடியது. யதார்த்தத்தை எப்படி எழுத வேண்டும் என்பது நல்ல கேள்விதான், அதை ஒரு நண்பனின் நெஞ்சில் குத்தித்தான் கேட்க வேண்டுமா? அவருடைய திறமையை நேசிக்கிறவன் என்பதால்தான் இதைச் சொல்கிறேன், அந்தக் கொடுமை அவர் எழுத்துக்குத் தேவைப்படவே இல்லை. ஷ்ரெம்லியின் சகோதரர்களிடம் அத்தனை பொறுமையாக உட்கார்ந்து கேட்டவரும் அவர்தான்.

1991 வளைகுடாப் போர் அவரை நிலைகுலைய வைத்தது. பாக்தாத் மீது குண்டு விழும்போது நண்பர்கள் வழக்கம்போலச் சாப்பிடுவதும் தூங்குவதும் அவருக்குத் துரோகமாகத் தெரிந்தது. கடிதங்கள், ஃபேக்ஸ்கள், சண்டைகள். பலர் விலகினார்கள். 1992இல் சூரிச்சில் தெருவில் தாக்கப்பட்டுக் காயமடைந்தார். 1993 செப்டம்பரில், 53 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். உங்கள் நண்பர் இதை ‘அழிந்தான்’ என்று ஒரு தண்டனை மாதிரிச் சொன்னது எனக்கு வருத்தமாக இருந்தது. மனம் நோய்ப்பட்ட ஒருவரின் மரணத்தை அவர் எழுத்துக்கான தீர்ப்பாக யாரும் வாசிக்கக் கூடாது, எதிரியாக இருந்தாலும். மகள் இந்தப் பகுதியை எழுதும்போது சுருக்கமாக, மரியாதையாக எழுதச் சொல்லுங்கள். அவர் வாழ்க்கையைப் பற்றி மரியான் ஃபேர் எழுதிய நூல் இருக்கிறது, அதைப் பார்த்தால் போதும்.

கிளறி என்ன பயன் என்று உங்கள் மனைவி கேட்டதும் நியாயமான கேள்விதான். உங்கள் ஊரிலிருந்தே பதில் சொல்கிறேன். சங்க்ட் காலன் மாநிலக் காவல் துறையில் பவுல் க்ரூனிங்கர் என்ற அதிகாரி 1938, 39இல் எல்லை மூடப்பட்ட பிறகும் நூற்றுக்கணக்கான யூத அகதிகளை, அவர்கள் வந்த தேதியை முன்தேதியாகத் திருத்தி, உள்ளே விட்டார். வேலை போனது, வழக்கு, தண்டனை. 1972இல் ஏழையாக இறந்தார். அவர் பெயரை மீட்டது ஒரு பத்திரிகையாளரின் உழைப்பு. வோகன்சைட்டுங்கில் இருந்த ஸ்டெஃபான் கெல்லர் ஆவணங்களைத் தோண்டி, உயிர் தப்பியவர்களைத் தேடி எழுதினார், 1993இல் அது புத்தகமாகவும் வந்தது. மாநில அரசு அசைந்தது, 1995இல் நீதிமன்றம் பழைய தீர்ப்பை மாற்றி அவரை விடுவித்தது. மையன்பெர்க் போட்ட பாதை இல்லாமல் அந்த வேலையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. 1996இல் சுவிஸ் நாடாளுமன்றமே வரலாற்றாசிரியர் பெர்ஜியே தலைமையில் ஆணையம் அமைத்து, தங்கம், ஆயுதம், திருப்பி அனுப்பப்பட்ட அகதிகள் என்று எல்லாவற்றையும் ஆறு வருடம் ஆராய வைத்தது. இருபது வருடத்துக்கு முன் இதையெல்லாம் பேசியவரைத்தான் துரோகி என்றார்கள்.

பழைய கதை என்றும் சொல்லிவிட முடியாது. 2022இல் கிரெடிட் சுவிஸ் வங்கியின் கணக்கு விவரங்கள் கசிந்து உலகப் பத்திரிகைகள் சேர்ந்து எழுதியபோது, டாகெஸ் அன்சைகரை வெளியிடும் நிறுவனம் அதில் சேரவில்லை. சேர முடியவில்லை என்பதே சரி. வங்கிச் சட்டத்தின் 47ஆம் பிரிவு 2015 முதல் கசிந்த தகவலை வெளியிடும் பத்திரிகையாளரையும் சிறைக்கு அனுப்ப இடம் தருகிறது. சுவிஸ் வங்கியைப் பற்றி உலகமே எழுதியது, சுவிஸ் நிருபர்களுக்குத்தான் வாய்க்கட்டு.

எங்களுக்கு வாழ்வு தந்த நாடு என்று எழுதியிருந்தீர்கள். அந்த நன்றியை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் உங்கள் மகளுக்கு அது தந்த நாடு இல்லை, அவளுடைய நாடு. அதன் நல்லதும் கெட்டதும் அவளுக்கும் சொந்தம். உங்கள் நண்பரின் மகன் இதே தலைப்பை எடுத்தால் யாரும் நன்றியைப் பற்றிக் கேட்கப் போவதில்லை, அவளிடமும் கேட்க வேண்டாம்.

அவள் சிஃபர்ட் கட்டுரையில் தொடங்கட்டும், பிறகு எர்ன்ஸ்ட் எஸ்., பிறகு நோலின் புத்தகம். வில்லே புத்தகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். மையன்பெர்க்கின் காகிதங்கள் பெர்னில் சுவிஸ் இலக்கிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். முடிந்தால் உங்கள் நண்பரையே அவள் ஒரு பேட்டி எடுக்கட்டும். எல்லையில் நின்ற அப்பா வீட்டில் என்ன சொன்னார், எதைச் சொல்லவில்லை, மகனுக்கு மையன்பெர்க் மீது ஏன் இவ்வளவு கோபம் என்று குறுக்கிடாமல் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதட்டும். ஆய்வு முடிந்ததும் எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள், ஜெர்மனிலேயே இருந்தாலும் பரவாயில்லை, படித்துச் சொல்ல நண்பர்கள் இருக்கிறார்கள்.